மிதக்கும் அலை மின் கருவிகள் ஏன் இன்னும் கரைசேரவில்லை?

கேள்வி இதுதான்: "இயந்திரவியல் கடைசி வருடம் படிக்கிறேன். தூத்துக்குடிக் கடலில் ஐஐடி மெட்ராஸ் சோதித்த சிந்துஜா-1 பற்றிப் படித்ததிலிருந்து, அலையில் மின்சாரம் எடுக்கும் மிதவையையே புராஜெக்ட்டாகச் செய்ய ஆசை. ஆனால் எங்கள் பேராசிரியர், 'ஐம்பது வருஷமா செய்றாங்க, ஒண்ணும் தேறல' என்கிறார். அலை இரவு பகலாக அடித்துக்கொண்டுதானே இருக்கிறது? அப்புறம் ஏன் காற்றாலை போல இது பரவவில்லை? நம் கடலில் இதற்கு வாய்ப்பு உண்டா?"

உங்கள் பேராசிரியர் சொன்னதில் பாதி உண்மை. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். கடலில் நிறுத்தும் அளவீட்டு மிதவைகளோடு பல வருடம் வேலை பார்த்தவன் நான். இந்தத் துறை கரைசேர வேண்டும் என்று மனதார விரும்புகிறவன். அதனால்தான் குறைகளை மறைக்காமல் சொல்ல நினைக்கிறேன்.

முதலில் அலை. அது கரையை நோக்கி வரும்போது தண்ணீர் அதோடு சேர்ந்து வருவதில்லை. ஆழ்கடலில் ஒவ்வொரு துளியும் கிட்டத்தட்ட தன் இடத்திலேயே வட்டமடிக்கிறது. பயணம் செய்வது ஆற்றல் மட்டும். அதைக் கடலுக்குக் கொடுத்தது காற்று, அதுவும் பெரும்பாலும் எங்கோ தொலைவில் வீசிய காற்று. கன்னியாகுமரியிலும் கேரளக் கரையிலும் 'கள்ளக்கடல்' என்று சொல்வார்கள். உள்ளூரில் காற்றே இருக்காது, வானம் தெளிந்திருக்கும், திடீரென்று கடல் ஊருக்குள் ஏறிவிடும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தெற்கே அடித்த புயல் எழுப்பிய அலை, பல நாள் பயணப்பட்டு வந்து சேர்ந்ததுதான் அது. ஐதராபாத்திலுள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் நிறுவனம் இப்போது இதற்கு முன்னெச்சரிக்கை தருகிறது. காற்று நின்ற பிறகும் அலை இருக்கும், அது வருவதை முன்கூட்டியே சொல்லவும் முடியும். காற்றாலைக்கும் சோலாருக்கும் இல்லாத வசதி இது.

8 விநாடிக்கு ஒன்று வரும் அலையின் நீளம் ஆழ்கடலில் சுமார் 100 மீட்டர் இருக்கும். அதில் பாதி ஆழத்துக்குக் கீழே போனால் அசைவு ஏறக்குறைய இல்லை. அதாவது ஆற்றலில் பெரும்பகுதி மேற்பரப்பை ஒட்டியே இருக்கிறது. கரை நெருங்க நெருங்க அது தரையில் உரசி, உடைந்து, நுரையாகிப் போய்விடும். கருவியைக் கரையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி மிதக்கவிடுவது அதனால்தான்.

எவ்வளவு ஆற்றல்? இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. அலை உயரத்தின் வர்க்கத்தை அலைக்காலத்தால் பெருக்கி, இரண்டால் வகுங்கள். ஒரு மீட்டர் அகலத்தில் வரும் திறன் ஏறக்குறைய கிலோவாட்டில் கிடைத்துவிடும். இங்கே உயரம் என்பது கடலில் வரும் அலைகளில் பெரிய மூன்றில் ஒரு பங்கின் சராசரி. 1 மீட்டர் உயரம், 7 விநாடி என்றால் மீட்டருக்கு சுமார் 3.5 கிலோவாட். 2 மீட்டர், 8 விநாடி என்றால் 16. வட அட்லாண்டிக் புயலில் வருவதுபோல 10 மீட்டர், 14 விநாடி என்றால் 700.

இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி மேசைக்கு எதிரே ஒட்டிக்கொள்ளுங்கள். இந்தத் துறையின் சோகம் முழுவதும் அதில் இருக்கிறது. கருவிக்கு வருமானம் தருவது 16 கிலோவாட் நாட்கள். ஆனால் இரும்பின் தடிமன், நங்கூரத்தின் எடை, மூட்டின் வலிமை எல்லாவற்றையும் 700 கிலோவாட் நாளுக்காகப் போட வேண்டியிருக்கிறது. காற்றாலையில் புயல் வந்தால் இறக்கைகளைக் காற்றுக்குப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்திவிடலாம். கடலில் மிதக்கும் பொருளுக்கு அப்படி ஒதுங்கி நிற்க இடமில்லை.

சரி, மிதவை எப்படி மின்சாரம் எடுக்கிறது? மேலும் கீழும் ஆடினால் மட்டும் எதுவும் கிடைத்துவிடாது. அலையோடு சேர்ந்து சும்மா ஆடும் கட்டுமரம் ஒரு வாட் மின்சாரமும் தராது. அந்த ஆட்டத்தை எதிர்த்து ஏதோ ஒன்று பிடித்து இழுக்க வேண்டும். வள்ளத்தைக் கழி ஊன்றித் தள்ளுகிறவருக்குக் கழியின் நுனியில் தரை தட்டுப்பட வேண்டும் அல்லவா, அதுபோல. அலை மின் கருவிகளைப் பார்க்கும்போதெல்லாம் நான் முதலில் கேட்கும் கேள்வி, இது எதை ஊன்றித் தள்ளுகிறது என்பதுதான்.

சிலர் கடல் தரையையே ஊன்றுகிறார்கள். மிதவையைத் தரையோடு இழுத்துக் கட்டி, கயிறு இழுபடும்போது ஜெனரேட்டரை ஓட்டுகிறார்கள். சிலர் மிதவைக்கு நடுவே நீளமான, கனமான தூண் ஒன்றைத் தண்ணீருக்குள் தொங்கவிடுகிறார்கள். அதன் அடிப்பகுதி அசைவு குறைந்த ஆழத்தில் இருப்பதால் தூண் அவ்வளவாக ஆடாது. மேலே மிதவை மட்டும் ஆடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் மின்சாரம். இன்னும் சிலர் கருவிக்குள் ஒரு காற்று அறை வைக்கிறார்கள். அறைக்குள் தண்ணீர் ஏறி இறங்க, மேலே உள்ள காற்று வெளியே பீறிட்டு, மறுபடி உள்ளே உறிஞ்சப்படும். அந்தக் காற்று இரு திசையிலும் போனாலும் ஒரே பக்கமாகச் சுழலும் டர்பைன் ஒன்றை, பெல்பாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆலன் வெல்ஸ் 1970-களில் உருவாக்கினார். வெல்ஸ் டர்பைன் என்றே அதற்குப் பெயர். இந்தக் காற்று அறை முறைக்கு முன்னோடி ஜப்பானின் யோஷியோ மசூதா. கப்பல்களுக்கு வழிகாட்டும் விளக்கு மிதவைகளை அவர் 1960-களிலேயே அலையைக் கொண்டு எரியவிட்டார். அவை சிறியவை, ஆனால் வேலை செய்தன. அவரைப் பற்றிப் பிறகு மறுபடி சொல்கிறேன்.

அடுத்த சிக்கல் தாளம். ஊஞ்சலைத் தள்ளும்போது சரியான நேரத்தில் கை வைத்தால்தான் அது எழும்பும். மிதவைக்கும் அப்படி ஒரு சொந்தத் தாளம் இருக்கிறது. சில மீட்டர் அகலமுள்ள மிதவையைத் தண்ணீரில் அமுக்கி விட்டால் மூன்று நான்கு விநாடியில் ஒருமுறை ஏறி இறங்கும். ஆனால் நல்ல ஆற்றலுள்ள அலை 8, 10 விநாடிக்கு ஒருமுறைதான் வருகிறது. இரண்டும் பொருந்தாவிட்டால் அலை மிதவையைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். பொருந்திவிட்டால் நடப்பது அதிசயம்: சிறிய மிதவை தன் அகலத்தைவிடப் பல மடங்கு அகலமான அலையின் ஆற்றலை இழுத்துக்கொள்ளும். மேலும் கீழும் மட்டும் ஆடும் மிதவைக்குக் கோட்பாட்டு உச்சம், அலை நீளத்தை 6.28 ஆல் வகுத்தால் வரும் அகலம். 100 மீட்டர் அலைக்கு அது 16 மீட்டர். 1970-களில் நார்வேயைச் சேர்ந்த புடாலும் ஃபால்னெஸும் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். நன்றாக அலை எழுப்பத் தெரிந்த பொருளால்தான் அலையை நன்றாக விழுங்க முடியும் என்பது அவர்கள் சொன்ன அழகான உண்மை. வரும் அலையை அழிக்கும்படியான எதிர் அலையை மிதவை எழுப்ப வேண்டும். புத்தகத்தில் இந்த இடத்தை முதலில் படித்த அன்று நான் அடுத்த பக்கம் திருப்பவில்லை. கடற்கரைக்குப் போய் அலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது, அலையின் வேகம் குறைவு, விசை பெரிது. மிதவை விநாடிக்கு ஒரு மீட்டர் அளவில்தான் நகரும். அந்த வேகத்தில் 100 கிலோவாட் எடுக்க வேண்டுமென்றால் சுமார் 10 டன் விசையோடு எதிர்த்துப் பிடிக்க வேண்டும். ஜெனரேட்டரோ வேகமாகச் சுற்றவே பிறந்தது. போதாக்குறைக்கு, ஒவ்வொரு அலையிலும் மிதவை உச்சியிலும் பள்ளத்திலும் ஒரு கணம் நின்று திரும்புகிறது. அந்த இரண்டு கணமும் மின்சாரம் பூஜ்யம். அதனால் இடையில் ஹைட்ராலிக் எண்ணெயும், அழுத்தத்தைச் சேமிக்கும் கலன்களும், மோட்டாரும் தேவைப்படுகின்றன. அல்லது பல்சக்கரங்கள். எதை வைத்தாலும் அது உப்புக்காற்றில், ஆளில்லாத இடத்தில், ஆடிக்கொண்டே இருக்க வேண்டும்.

இவை அத்தனையையும் மீறிக் கடலுக்குள் போன ஒரு கருவியின் கதையைச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பதில் பெருமளவு அதில் இருக்கிறது.

1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு எடின்பரோவில் ஸ்டீபன் சால்டர் என்ற பொறியாளர் அலைத் தொட்டியில் வேலை தொடங்கினார். 1974-ல் அவருடைய கட்டுரை வெளியானது. தலையாட்டும் வாத்து போன்ற அவருடைய கருவி, தொட்டியில் அலையின் ஆற்றலில் பெரும்பகுதியை விழுங்கியது. கருவிக்குப் பின்னால் தண்ணீர் கிட்டத்தட்ட அமைதியாகிவிட்டது. ஆனால் 1980-களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் அரசு அலை ஆற்றல் திட்டத்துக்குப் பணத்தைக் குறைத்துவிட்டது. வாத்து முழு அளவில் கடலைப் பார்க்கவே இல்லை.

அதே எடின்பரோவில் 1998-ல் ரிச்சர்ட் யெம் தொடங்கிய நிறுவனம், பெலாமிஸ் என்ற கருவியைச் செய்தது. பெலாமிஸ் என்பது ஒரு கடல் பாம்பின் பழைய அறிவியல் பெயர். நம் வங்கக்கடலிலும் வாழும் மஞ்சள் வயிற்றுப் பாம்பு. கருவியும் பாம்பு மாதிரிதான். 3.5 மீட்டர் விட்டமுள்ள எஃகு உருளைகளை மூட்டுகளால் கோர்த்து, 120 மீட்டர் நீளத்துக்கு, தலை அலையைப் பார்க்கும்படி நங்கூரமிட்டிருந்தார்கள். அலை உடலின் கீழே ஓடும்போது மூட்டுகள் மடங்கும். மூட்டிலிருந்த ஹைட்ராலிக் உருளைகள் அந்த மடக்கத்தை எதிர்த்து எண்ணெயை அழுத்தும். அந்த அழுத்தம் மோட்டாரை ஓட்டும். எதை ஊன்றித் தள்ளுகிறது என்று கேட்டால், பாம்பின் ஒரு கண்டம் அடுத்த கண்டத்தை ஊன்றியது. தரை தேவையில்லை. புயலுக்கும் அது நல்ல வடிவம்; மெலிந்த உடலாக இருந்ததால் பெரிய அலைகளை மோதாமல் துளைத்துக்கொண்டு போகும்.

2004-ல் ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில், ஐரோப்பியக் கடல் ஆற்றல் மையத்தின் சோதனைக் களத்தில், 750 கிலோவாட் பெலாமிஸ் கிரிட்டுக்கு, அதாவது பொது மின்வலைக்கு, மின்சாரம் அனுப்பியது. திறந்த கடலில் முழு அளவில் மிதக்கும் அலைக் கருவி அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை. 2008 செப்டம்பரில் போர்ச்சுகலின் வடகரையில் அகுசதோரா என்ற ஊருக்கு அப்பால், கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டரில், மூன்று பெலாமிஸ்களை வரிசையாக நிறுத்தினார்கள். மொத்தம் 2.25 மெகாவாட். உலகின் முதல் அலை மின் பண்ணை என்று கொண்டாடினார்கள். கொண்டாட வேண்டிய விஷயம்தான்.

இரண்டே மாதம். நவம்பரில் மூன்றையும் இழுத்துத் துறைமுகத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மூட்டுகளின் பேரிங்குகளில் பிரச்சினை. அதைச் சரிசெய்திருக்கலாம், வழியும் கண்டுபிடித்தார்கள். ஆனால் அதே நேரத்தில் உலக நிதி நெருக்கடி. திட்டத்தில் பெரும்பங்கு வைத்திருந்த ஆஸ்திரேலியாவின் பாப்காக் அண்ட் பிரவுன் நிறுவனம் சரிந்துகொண்டிருந்தது. பணம் போட ஆளில்லை. அந்த மூன்றும் அகுசதோராவுக்குத் திரும்பவே இல்லை.

நிறுவனம் அதோடு விட்டுவிடவில்லை. 180 மீட்டர் நீளமுள்ள அடுத்த தலைமுறைக் கருவியைச் செய்து, 2010 முதல் ஆர்க்னியில் இயக்கியது. ஜெர்மனியின் மின் நிறுவனமான இ.ஆன் ஒன்றை வாங்கியது, ஸ்காட்டிஷ்பவர் இன்னொன்றை. பிறகு வாங்கியவர்கள் விலகிக்கொள்ள, 2014 நவம்பரில் பெலாமிஸ் நிறுவனம் திவால் நடைமுறைக்குள் போனது. அடுத்த வருடம், அதே ஆர்க்னியில் ஆய்ஸ்டர் (சிப்பி) என்ற வேறு வகைக் கருவியைச் சோதித்த அக்வாமரீன் பவரும் மூடப்பட்டது. ஐம்பது வருஷமா ஒண்ணும் தேறல என்று உங்கள் பேராசிரியர் சொல்லும்போது மனதில் இருப்பது இந்தக் காலமாகத்தான் இருக்கும்.

என் கருத்து வேறு. பெலாமிஸ் அலையிலிருந்து மின்சாரம் எடுத்துக் காட்டிவிட்டது. அதில் அது தோற்கவில்லை. பேரிங் போன்ற சின்னச் சின்ன விஷயங்களைக் கடலில் வருடக்கணக்கில் தேய்த்துப் பார்த்துத் திருத்துவதற்கான நேரம் அதற்குக் கிடைக்கவில்லை. டென்மார்க்கில் காற்றாலை எப்படி வளர்ந்தது? 1970-களின் கடைசியில் விவசாயிகளின் நிலத்தில் சில பத்து கிலோவாட் ஆலைகள். உடைந்தால் ஏணி போட்டு ஏறிச் சரிசெய்தார்கள். மூன்று இறக்கை வடிவமே நல்லது என்பது அப்படிப் பல வருடம் உடைந்து உடைந்து தெளிவானது. அலைத் துறையோ முதலீட்டாளரைத் திருப்திப்படுத்த முதல் அடியிலேயே முக்கால் மெகாவாட் என்று தாவியது. கடலில் ஒரு பேரிங்கை மாற்ற இழுவைக் கப்பல் வேண்டும், அமைதியான கடல் வேண்டும், கருவியைத் துறைமுகத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு பாடத்துக்கும் கட்டணம் மிக அதிகம். பாம்பு, வாத்து, சிப்பி, மிதவை என்று ஆளுக்கொரு வடிவம் வேறு. ஒரு வடிவத்துக்கான உதிரிபாகம் இன்னொன்றுக்கு உதவாது.

தேய்மானம் என்ற சொல்லை வகுப்பறையில் கேட்பதற்கும் கடலில் பார்ப்பதற்கும் இருக்கும் தூரத்தைச் சொல்ல என் அனுபவம் ஒன்று. பல வருடங்களுக்கு முன் ஒரு வேலைக்காக, தென்கடலோரத்தில் சின்ன அளவீட்டு மிதவை ஒன்றை நிறுத்தினோம். ஆள் உயரம்கூட இருக்காது. எங்களைப் படகில் கூட்டிப்போன மூத்த மீனவர் நங்கூரச் சங்கிலியையும் அதை மாட்டியிருந்த இரும்புக் கொக்கியான ஷேக்கிளையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது வாடைக்கு நிக்காது தம்பி" என்றார். கணக்குப்படி அந்த ஷேக்கிள் நான்கு மடங்கு பலமானது. நான் கணக்கைத்தான் நம்பினேன். ஐப்பசியில் மிதவை அறுத்துக்கொண்டு போய்விட்டது. கரை ஒதுங்கியதை எடுத்துப் பார்த்தபோது, ஷேக்கிளின் ஆணி பென்சில் அளவுக்குத் தேய்ந்திருந்தது. அடிப்பகுதி முழுக்கக் கொட்டலசு என்ற ஓட்டு உயிர் அப்பி, எடையே மாறியிருந்தது. விசைக்கு அது தாங்கும் என்பது உண்மைதான். உரசலுக்குத் தாங்கவில்லை.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 8 விநாடிக்கு ஓர் அலை என்றால் வருடத்துக்கு 39 லட்சம் அலை. 20 வருடம் ஓட வேண்டிய கருவிக்கு எட்டுக் கோடி அலை. ஒவ்வொரு அலையிலும் ஒவ்வொரு மூட்டும் ஒருமுறை மடங்குகிறது, கேபிள் ஒருமுறை வளைகிறது, ஒவ்வொரு வெல்டிங்கும் ஒருமுறை இழுபடுகிறது. அதனால் இப்போது ஒரு கருவியைப் பற்றிச் செய்தி வந்தால், எத்தனை கிலோவாட் என்பதை நான் முதலில் பார்ப்பதில்லை. எத்தனை நாள் கடலில் நின்றது, எத்தனை தடவை கரைக்கு இழுத்து வந்தார்கள் என்று தேடுகிறேன்.

பெலாமிஸ் மூடப்பட்ட பிறகு நடந்தது எனக்கு நம்பிக்கை தருகிறது. ஸ்காட்லாந்து அரசு 2014 கடைசியில் வேவ் எனர்ஜி ஸ்காட்லாந்து என்ற அமைப்பை ஏற்படுத்தி, பெலாமிஸின் அறிவுச் சொத்தை வாங்கிப் பாதுகாத்தது. முழுக் கருவிக்குப் பணம் தருவதைவிட, மின்னாக்கப் பகுதி, கட்டுமானப் பொருள், கட்டுப்பாட்டு முறை என்று பகுதி பகுதியாக நிதி கொடுத்தது. ஒரு கட்டத்தில் தேறியவருக்கே அடுத்த கட்டப் பணம். அதில் வளர்ந்த மோஷன் எனர்ஜி நிறுவனத்தின் புளூ எக்ஸ் என்ற மிதவை 20 மீட்டர் நீளம், 10 கிலோவாட் மட்டுமே. அது 2021-ல் ஆர்க்னியில் கடலில் இறங்கியது. 2023-ல் கடலடி பேட்டரி ஒன்றோடு இணைக்கப்பட்டு, கடலுக்கு அடியில் இயங்கும் கருவிகளுக்கு மின்சாரம் கொடுத்தது. 750-லிருந்து 10-க்கு இறங்கியதைப் பின்னடைவு என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது இப்போதுதான் ஒழுங்கான முதல் படியில் கால் வைத்ததாகத் தெரிகிறது.

இன்னொன்று சுவீடனின் கார்பவர் ஓஷன். ஸ்டிக் லுண்ட்பேக் என்ற இதய மருத்துவர், இதயம் ரத்தத்தைத் தள்ளும் விதத்தைப் பார்த்து யோசித்ததிலிருந்து பிறந்த நிறுவனம். 9 மீட்டர் அகல மிதவையைத் தரையோடு இழுத்துக் கட்டுகிறார்கள். முன்பு சொன்ன தாளச் சிக்கலுக்கு இவர்களிடம் நல்ல தீர்வு இருக்கிறது. உள்ளே அழுத்தப்பட்ட காற்றாலான ஓர் எதிர்ச் சுருள் (ஸ்பிரிங்), மிதவையின் சொந்தத் தாளத்தை நீட்டி அலையோடு ஒத்துப்போக வைக்கிறது. புயல் வந்தால் அந்த ஒத்திசைவைக் கலைத்துவிடலாம்; மிதவை அலையைக் கண்டுகொள்ளாமல் அடங்கிவிடும். காற்றாலை இறக்கையைத் திருப்பி நிறுத்துவதற்குச் சமமான ஒன்று கடலுக்கு அகப்பட்டது இப்படித்தான். 2023-ல் 300 கிலோவாட் கருவியை அவர்கள் இறக்கிய இடம் எது தெரியுமா? பெலாமிஸ் இரண்டு மாதத்தில் திரும்பிய அதே அகுசதோரா. அந்த நவம்பரில் டொமிங்கோஸ் புயல் 18.5 மீட்டர் வரை அலை எழுப்பியபோது கருவி தாங்கி நின்றது. அந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே கண் கலங்கியது.

இனி நம் கடல். அயர்லாந்து, ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைகளில் வருட சராசரி மீட்டருக்கு 50 கிலோவாட்டை ஒட்டி இருக்கும். இந்தியக் கரையில் பொதுவாக 5 முதல் 15. தமிழ்நாட்டில் தென்முனைப் பக்கம்தான் அலை பலமாக இருக்கும். பாக் நீரிணையை இலங்கை மறைத்துக்கொண்டிருப்பதால் தெற்கிலிருந்து வரும் பெரிய அலைகள் அங்கே எட்டுவதில்லை. அப்புறம், அதிகம் பேசப்படாத ஒரு சங்கடம் உண்டு. நம் தென்முனையில் அலை உச்சத்தில் இருப்பது ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவத்தில். அந்த மாதங்களில்தான் முப்பந்தலிலும் கயத்தாறிலும் காற்றாலைகளும் முழு வீச்சில் ஓடுகின்றன. மின்சாரம் ஏற்கெனவே தாராளமாக இருக்கும் நேரத்தில் விலை உயர்ந்த மின்சாரத்தைக் கொண்டுவந்து யாரிடம் விற்பது? சென்னைப் பக்கக் கடல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை எழும்புகிறது. அப்போது காற்றாலை ஓய்ந்திருக்கும், வானமும் மூடியிருக்கும், மின்சாரம் பயன்படும். ஆனால் அதே மாதங்களில் புயலும் வரும். ஆக, நல்ல வருமானமும் பெரிய ஆபத்தும் ஒரே மாதத்தில்.

நம்மிடம் அனுபவம் இல்லாமலும் இல்லை. 1991-ல் ஐஐடி மெட்ராஸ் குழு திருவனந்தபுரத்துக்கு அருகே விழிஞத்தில் 150 கிலோவாட் அலை மின் நிலையம் அமைத்தது. அது மிதவை அல்ல. கான்கிரீட் பெட்டியைக் கடல் தரையில் இறக்கிய காற்று அறை முறை. பருவமழைக் காலத்தில் நன்றாக ஓடிய அதே நிலையம், மற்ற மாதங்களில் கொஞ்சமே கொடுத்தது. பின்னாளில் அதைக் கடல்நீரைக் குடிநீராக்கும் சோதனைக்கும் பயன்படுத்தினார்கள். சென்னையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம், அலையால் இயங்கும் வழிகாட்டி மிதவைகளைச் செய்து சோதித்திருக்கிறது. நீங்கள் குறிப்பிட்ட சிந்துஜா-1, பேராசிரியர் அப்துஸ் சமத் தலைமையில் 2022 நவம்பரில் தூத்துக்குடியிலிருந்து 6 கிலோமீட்டர் தள்ளி, 20 மீட்டர் ஆழத்தில் நிறுத்தப்பட்டது. மிதவை, நடுத்தூண், மின்பகுதி என்ற அமைப்பு. திறன் 100 வாட். மூன்று வருடத்தில் 1 மெகாவாட் இலக்கு என்று அப்போது அறிவித்தார்கள்.

100 வாட்டா என்று யாரும் உதட்டைப் பிதுக்க வேண்டாம். மசூதாவின் விளக்கு மிதவைகளும் அந்த அளவுக் கருவிகள்தான்; அவைதான் இந்தத் துறையில் உண்மையாகவே பயன்பட்டவை. எனக்குப் பிடிக்காதது அந்த 1 மெகாவாட் தாவல்தான். 100 வாட்டிலிருந்து பத்தாயிரம் மடங்கு. பெலாமிஸ் படித்த பாடத்தை நாம் மறுபடி காசு கொடுத்துப் படிக்க வேண்டியதில்லை. அதற்குப் பதில் 100 வாட் மிதவைகள் இருபது செய்து, ஐந்து துறைமுகங்களுக்கு வெளியே மூன்று வாடைக்காலம் நிற்கவைத்தால், எது தேய்கிறது, எதில் கொட்டலசு ஏறுகிறது, எந்தக் கேபிள் எங்கே வெடிக்கிறது என்பது நமக்கே தெரிந்துவிடும். நம் கடலுக்கான அறிவு ஆர்க்னியிலிருந்து வராது.

சோலார் தகடு போதாதா என்று கேட்பீர்கள். ஒரு எல்.இ.டி. விளக்குக்குப் போதும், அதில் சந்தேகமே வேண்டாம். அலை ஜெயிக்கும் இடம் வேறு: பல நாள் மூடிய வானத்தின் கீழ், இரவிலும், சில பத்து வாட் முதல் சில நூறு வாட் வரை இடைவிடாமல் தேவைப்படும் கருவிகள். கடல் ஆழத்தில் ஒலியைக் கேட்கும் கருவி, நீரோட்ட அளவி, சுனாமி மிதவை, ஆளில்லாக் கலத்துக்கான சார்ஜிங் நிலையம், தீவில் சிறு குடிநீர் ஆலை.

இடம் தேர்ந்தெடுக்கும்போது இன்னொன்றையும் மறக்கக் கூடாது. வரைபடத்தில் காலியாகத் தெரியும் கடல் காலியாக இருப்பதில்லை. அங்கே யாரோ ஒருவர் வலை விடுகிறார். நங்கூரக் கயிறுகள் நாலாபக்கமும் விரிந்து நிற்கும் இடத்தில் வலை மாட்டினால் ஒரு குடும்பத்தின் முதலே போய்விடும். மன்னார் வளைகுடாவில் பவளத் தீவுகளும் பாதுகாக்கப்பட்ட பகுதிகளும் வேறு இருக்கின்றன. முதல் கூட்டம் மீனவர் ஊரில் நடக்க வேண்டும், திட்ட அறிக்கை எழுதும் முன்பே.

சரி, உங்கள் புராஜெக்ட்டுக்கு வருவோம். தாராளமாக எடுங்கள். ஆனால் மெகாவாட் வரையாதீர்கள். 1:20 மாதிரி ஒன்று செய்யுங்கள். 2 மீட்டர் அலை அதில் 10 சென்டிமீட்டராகிவிடும், 8 விநாடி 1.8 விநாடியாகிவிடும், 100 கிலோவாட் மூன்று வாட்டுக்கும் கீழே வந்துவிடும். நீளம் 20 மடங்கு குறைந்தால் திறன் சுமார் 36,000 மடங்கு குறைகிறது என்பதைக் கையால் போட்டுப் பாருங்கள். உராய்வு மட்டும் அந்த விகிதத்தில் குறையாது. சின்ன மாதிரியில் பேரிங்கின் உராய்வே உங்கள் மின்சாரத்தைத் தின்றுவிடும். அதைப் பார்த்துக் கருவி தோற்றது என்று நினைத்துவிடாதீர்கள். அதனால் ஜெனரேட்டரை மாட்டாமல் முதலில் மிதவையின் தாளத்தை மட்டும் அளங்கள்: அமுக்கி விட்டு, ஸ்டாப்வாட்சில் பாருங்கள். அடியில் எடை கூட்டியும் தூணை நீட்டியும் அந்தத் தாளத்தை அலைக்கு எவ்வளவு நெருக்கமாகக் கொண்டுவர முடிகிறது என்பதே ஒரு முழு புராஜெக்ட். ஐஐடி மெட்ராஸின் கடல்சார் பொறியியல் துறையில் அலைத் தொட்டிகள் இருக்கின்றன. உங்கள் துறைத் தலைவர் வழியாக எழுதிக் கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் கல்லூரி நீச்சல் குளமும் ஒரு பலகையும் போதும்.

கடலில் இறக்கும் எண்ணம் இருந்தால், சங்கிலியும் ஷேக்கிளும் வாங்கியவுடன் அருகிலுள்ள மீன்பிடித் துறைமுகத்துக்கு எடுத்துப்போங்கள். முப்பது வருடமாவது கடலுக்குப் போன ஒருவர் கையில் அதைக் கொடுத்து, இது வாடைக்கு நிற்குமா அண்ணாச்சி என்று கேளுங்கள். நிற்காது என்றால் அடுத்த அளவு வாங்குங்கள்.